பெட்டிக்கு முதுகு வைத்த நாள்

அத்தியாயம் 11

போன வாரம் அவளை எங்கே விட்டுவிட்டு வந்தோமோ, அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். மேடையின் இடது பக்க விங்கில், கறுப்புத் திரையின் மடிப்புக்குள். எதிரே ஒலிப்பதிவுக்காரர். அவர் கையில் ஒரு ஹெட்போன்.

"மாட்டிக்கிட்டுக் கேளுங்கம்மா. பயப்படாதீங்க, கடிக்காது."

மாட்டிக்கொண்டாள். காலையில் எடுத்த முதல் காட்சி ஓடியது.

முதலில் வந்தது அவளுடைய குரல்தான். "சபையோரே, இந்த முடியை நான் விரும்பிச் சூடவில்லை." கிசுகிசுப்பாக, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக. அதற்குப் பிறகுதான் அவள் கணவரின் முழக்கம் வந்தது. அதே வாக்கியம். அடுத்த வரிக்கும் அப்படியே. அதற்கடுத்த வரிக்கும் அப்படியே. அவள் முன்னே போக, அவர் பின்னே வந்துகொண்டிருந்தார்.

"ஐயாவோட காலர்ல மைக் வச்சிருக்கோம் இல்ல, அது பொல்லாதது. பக்கத்துல கொசு தும்மினாக்கூடப் பிடிச்சுக்கும்" என்றார் ஒலிப்பதிவுக்காரர். "நீங்க பழக்க தோஷத்துல கூடவே வசனம் சொல்றீங்க போல. அதுவும் ஐயாவை முந்திக்கிட்டு ஓடுறீங்க!"

அவர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

நடுவில் வந்து சேர்ந்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இவள் அந்த நாடகக் குழுவின் பிராம்ப்டர். நடிகர்களுக்கு வசனம் தடுக்கினால் மறைவில் நின்று எடுத்துக் கொடுப்பவள். குழுவில் எல்லாருக்கும் 'முணுமுணு அக்கா'. அவள் கிசுகிசுத்தால் மேடையின் மறுகோடிக்குக் கேட்கும். முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்காது. அது எப்படி என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

அவள் கணவர்தான் குழுவின் தலைமை நடிகர். எல்லாருக்கும் 'ராஜா'. ராஜா வேஷம் போட்டுப் போட்டு வந்த பெயர். ஒரு காலத்தில் அவருக்கு வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. சென்ற வருஷம் ஒரு வரி தடுமாறியது. பிறகு ஒரு பக்கம். இப்போது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவள்தான். வீட்டில் குளியலறைக் கதவு எது என்று கேட்கிறார். கேட்டுவிட்டு, கேட்டதை நினைத்துக் கண் கலங்குகிறார்.

"உன் குரல் இருக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியப் போறதில்ல. பிள்ளைங்களுக்குத் தெரியக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு" என்றார் ஒருநாள்.

பண்ணினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மேடையிருட்டில் மறைக்கலாம் என்று அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். பத்தாவது வரிசைக்கு என்ன தெரியும்?

கேமராவுக்குத்தான் பத்தாவது வரிசை கிடையாதே.

*

கேமராவைக் கொண்டுவந்தவள் வேறு யாருமில்லை, பெற்ற மகள். நாடகத்தை விட்டுச் சினிமாவுக்குப் போனதற்காக அப்பா பல வருஷம் முகம் கொடுத்துப் பேசாமலிருந்த அதே மகள். குழுவின் பெயர்பெற்ற நாடகத்தை அப்படியே திரைக்குப் பிடிக்க வேண்டும் என்று வந்து நின்றாள். அப்பா குழந்தை மாதிரி பூரித்துப்போனார். அம்மா மட்டும்தான் வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. 'நான் போனதை அம்மா இன்னும் மன்னிக்கலை' என்று மகள் முடிவு கட்டிக்கொண்டாள்.

இப்போது அந்த மகள் கழுத்தில் மாட்டிய வாக்கிடாக்கியோடு விங்குக்குள் நுழைந்தாள்.

"அம்மா, சவுண்டுக்காரர் சொன்னாரா? அடுத்த காட்சிக்கு நீ இங்க நிக்க வேணாம். என் பக்கத்துல மானிட்டர் முன்னாடி வந்து உக்காரு."

"நான் நிக்கறதுல உனக்கு என்ன கஷ்டம்? சத்தமில்லாம நிக்கறேன்."

"உன்னால வாயை மூடிக்கிட்டு நிக்க முடியாதும்மா. அப்பா வாயைத் திறந்தா உன் வாயும் திறக்கும். நான் சின்ன வயசுலேருந்து பாக்கறேனே."

"அவருக்கு என்னைப் பாத்துப் பேசித்தான் பழக்கம்."

"அப்பாவுக்கா? இந்த நாடகம் அவருக்குத் தூக்கத்துல கூட வரும்."

தூக்கத்தில் வரும்தான். விழித்திருக்கும்போதுதான் வருவதில்லை. அதைச் சொல்ல முடியாமல் அவள் வேறு வழி தேடினாள்.

"சினிமாவுல காதுக்குள்ள ஏதோ வைப்பாங்களாமே. அதுல வேணா நான்..."

"அப்பாவுக்கு அது எதுக்கும்மா?"

எதற்கென்று சொல்வது? மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"சரி, துண்டு துண்டாவாவது எடேன். ரெண்டு வரி, நிறுத்து. மறுபடி ரெண்டு வரி. எல்லாரும் அப்படித்தானே எடுக்கறாங்க?"

மகள் கழுத்திலிருந்த வாக்கிடாக்கியை அணைத்து வைத்தாள். இது அவளுக்குப் பிடித்த பேச்சு. "நாடகத்தைப் படம் பிடிச்சவங்க எல்லாரும் அங்கதாம்மா கோட்டை விட்டாங்க. தூரத்துல ஒரு கேமராவை நட்டு வச்சா சுவத்துல மாட்டின காலண்டர் மாதிரி இருக்கு. துண்டு துண்டா வெட்டினா நாடகமே செத்துப்போகுது. இந்தக் காட்சி ஒரே ஓட்டம். கேமரா மேடை மேல ஏறும், அப்பாவைச் சுத்தும், பெட்டியைச் சுத்தும். பாக்கறவன் பெட்டி பக்கத்துல நிக்கிற மாதிரி மூச்சு முட்டணும்."

அந்தக் கடைசி வார்த்தை அவளுக்குப் பிடிக்கவில்லை.

*

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாடகத்தின் உயிரே அதுதான்.

நீதிக்குப் பெயர்போன மன்னன் ஒருவன். தன் மகன்மேலேயே குற்றம் வருகிறது. 'மகனானாலும் ஒரே சட்டம்தான்' என்று அவனை மரப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, சபையைப் பார்த்து நியாயம் பேசுகிறான். பேசப் பேச உள்ளேயிருந்து இளவரசன் தட்டுகிறான். "எங்கே, இன்னும் ஒருமுறை தட்டு!" என்று மன்னன் கர்ஜிக்கும்போது தட்டல் நின்றுபோகிறது. மன்னன் வெற்றிச் சிரிப்போடு பூட்டைத் திறக்கிறான். உள்ளே மகன் பிணம்.

மன்னனாக ராஜா. இளவரசனாகச் சொந்த மகன், சின்னவன். இந்தக் காட்சியில் கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். உண்மை என்னவென்றால் பெட்டிக்கு முதுகே கிடையாது. பூட்டியதும் சின்னவன் பின்பக்கமாக இறங்கி, பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையில் தேநீரோடு மறு கையால் தட்டிக்கொண்டிருப்பான். பூட்டு திறக்கும் நேரத்துக்கு உள்ளே போய்ப் பிணமாகப் படுத்துவிடுவான். ஒருமுறை பிஸ்கட்டைத் தின்றுகொண்டே தட்டி அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறான்.

கேமரா சுற்றி வரப் போகிறது. அதனால் பெட்டிக்கு முதுகு வேண்டும்.

மேடைக்கு வந்தபோது அரங்கத் தச்சர் வேலையை முடித்துவிட்டிருந்தார். புதுப் பலகை பழைய பலகையின் நிறத்திலேயே மினுங்கியது. வார்னிஷ் நெடி மூக்கைத் துளைத்தது.

"தள்ளினா திறக்குமா?" என்று கேட்டாள்.

"அதெப்படிம்மா? தள்ளினா திறக்கிற மாதிரி வச்சா ஆடும். ஆடினா கேமராவுக்குத் தெரியும்னு டைரக்டர் பாப்பா சொல்லிருச்சு. ஆணியே அடிச்சாச்சு."

"மூச்சுக்கு?"

"அதைப் பண்ணாம இருப்பேனா? மேல போட்டா படத்துல விழும். அதான் அடியில ஓட்டை போட்டிருக்கேன். கீழ கட்டை வச்சுத் தூக்கியிருக்கு பாருங்க, காத்து ஜம்முனு போகும்."

குனிந்து பார்த்தாள். ஓட்டைகள் இருந்தன. மனசு கொஞ்சம் அடங்கியது.

பூட்டும் மாறியிருந்தது. பழைய பூட்டு தகரத்தில் செய்த பொம்மை. விரல் வைத்தால் திறந்துகொள்ளும். "க்ளோஸப்ல பல்லை இளிக்கும்மா" என்று மகள் இரும்புப் பூட்டு வாங்கி வைத்திருந்தாள். அதற்கு ஒரு சாவி. அது ராஜாவின் இடைக்கச்சையில் இருக்கும்.

சின்னவன் இளவரசர் உடையில் வந்தான். கல்யாண வயதைத் தாண்டிக்கொண்டிருக்கும் ஆள், அம்மா முன்னால் மட்டும் வயது இறங்கிவிடும்.

"என்னம்மா, பெட்டிக்கு ஜாதகம் பாக்கறியா?"

"வார்னிஷ் வாடை அடிக்குதுடா. உனக்கு ஆகாதே."

பிறந்ததிலிருந்து அவனுக்கு இழுப்பு உண்டு. தூசி ஆகாது, புகை ஆகாது, பெயின்ட் வாடை ஆகவே ஆகாது. மடியில் போட்டு அவள் எத்தனையோ இரவு அந்த விசில் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"காஞ்சு போச்சும்மா. அப்பா பேசி முடிக்கிற நேரம்தானே. அக்கா இத்தனை வருஷம் கழிச்சு வந்து ஒண்ணு கேக்கறா, நான் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

"மருந்து வச்சிருக்கியா?"

"இளவரசனுக்கு ஏதும்மா பாக்கெட்? சட்டையோட அறையில கிடக்கு." பிறகு அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். "ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? எதாவது சொல்லணுமா? சொல்லு."

சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். 'உங்கப்பாவுக்கு வசனம் நிக்கறதில்லடா' என்று ஒரே ஒரு வரி. சத்தியம் வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது.

"ஒண்ணுமில்ல. ஜாக்கிரதையா இரு."

*

ஒப்பனை அறையில் ராஜா பாதி மன்னராக இருந்தார். மீசை ஒட்டியாயிற்று, கிரீடம் வைக்கவில்லை.

"இன்னைக்குக் கூட்டம் எப்படி?" என்றார் கண்ணாடியைப் பார்த்தபடி.

"கூட்டம் கிடையாதுங்க. படம் பிடிக்கிறாங்க. பெரியவ வந்திருக்கா."

"ஆமாமா. தெரியும்." தெரியும் என்பதை அவசரமாகச் சொன்னார்.

அவள் கதவைச் சாத்தினாள். "இந்தக் காட்சிக்கு நான் விங்கில இருக்க மாட்டேன். மைக்குல என் குரல் விழுதாம்."

பவுடர் பூசிய கை அப்படியே நின்றது. அந்த முகத்தில் அவள் பார்த்ததை ஒரு வார்த்தையில் சொன்னால் பயம். சின்னப் பிள்ளை கூட்டத்தில் கையை விட்டுவிட்டால் முகம் எப்படிப் போகுமோ, அப்படி.

"பிள்ளைங்ககிட்ட சொல்லிடலாங்க."

"சொன்னா?"

"நிறுத்திடுவா. வேற மாதிரி எடுப்பா."

"என் பொண்ணு என்னைப் பாக்க வந்திருக்கா" என்றார் மெதுவாக. "அவ பாக்க வந்தது இந்த ராஜாவை. வேஷத்தைக் கலைச்சு, உள்ள இருக்கிற ஆளைக் காட்டச் சொல்றியா? அந்த ஆளை எனக்கே அடையாளம் தெரியல."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது. இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க. பாக்கலாம்."

எழுந்து நின்றார். தொடங்கினார். என்ன ஆச்சரியமோ, அன்றைக்கு ஒரு வரி பிசகவில்லை. "என் துலாக்கோலுக்கு இரண்டு பக்கம்தான். மகனுக்கென்று மூன்றாவது பக்கம் கிடையாது!" என்று முழங்கியபோது அவளுக்கே புல்லரித்தது. அவர்தான் நின்றார், பழைய ராஜா. கடைசி வரி வரை போய் முடித்துவிட்டு, "எப்படி?" என்று புருவத்தைத் தூக்கினார்.

தண்ணீரில் தத்தளிப்பவனுக்குத் துரும்பு கிடைத்தாலும் போதும். அவளுக்குக் கட்டையே கிடைத்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு காட்சி. இன்றைக்கு நல்ல நாள். கிரீடத்தை எடுத்து அவளே அவர் தலையில் வைத்தாள். இதில் யாரைக் குற்றம் சொல்வீர்கள், நீங்களே சொல்லுங்கள்.

*

அரங்கில் இருக்கைகளெல்லாம் கறுப்புத் துணி போர்த்திக் கிடந்தன. வெளிச்சம் பட்டு மின்னக் கூடாதாம். விளக்குகள் எரிந்து எரிந்து மேடை அடுப்படி மாதிரி கொதித்தது. அவள் வழக்கமாக நிற்கும் விங்கில் இப்போது ஒரு விளக்குத் தண்டு நின்றது. அவள் மகளுக்குப் பக்கத்தில், மானிட்டர் முன்னால், ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ராஜா மேடைக்கு வந்து கறுப்பு இருக்கைகளைப் பார்த்தார். "ஜனங்க எங்க?"

எல்லாரும் சிரித்தார்கள், ஜோக் என்று நினைத்து.

"கேமராதாம்ப்பா ஜனங்க" என்றாள் மகள். "பக்கத்துலயே இருக்கும். அதனால கொஞ்சம் கம்மியாப் பண்ணுங்க."

"பக்கத்துல இருந்தா என்ன? அதுக்குக் காது வலிக்குமா?"

மறுபடியும் சிரிப்பு. பெட்டியை அசைத்துப் பார்த்த ஒலிப்பதிவுக்காரர் முகம் சுளித்தார். "கட்டை கிறீச்சுங்குது. வசனத்துல விழும்." உதவியாளரும் அவருமாகப் பெட்டியைத் தூக்கி, கட்டைகளை உருவிவிட்டு, கீழே கனமான கம்பளியை நாலாக மடித்து விரித்து, அதன்மேல் வைத்தார்கள். அசைத்துப் பார்த்தார். சத்தமில்லை. திருப்தி. உள்ளே தட்டுவது நன்றாகக் கேட்க ஒரு சின்ன மைக்கையும் மூடியின் உட்புறம் ஒட்டினார்.

அவரவர் வேலையை அவரவர் பழுதில்லாமல் செய்தார்கள். தச்சர் அந்நேரம் வெளியே பீடி பிடிக்கப் போயிருந்தார்.

அவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கண் பார்த்தது. மனசு ராஜாவின் வசனத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சின்னவன் பெட்டிக்குள் இறங்கினான். "தேநீர் ஆறிப்போகும், சீக்கிரம் கொன்னு முடிங்க" என்றான். மூடி விழுந்தது. ராஜா பூட்டினார். சாவி திரும்பும் சத்தம் ஹெட்போனில் அவள் காதுக்குள்ளேயே திரும்பியது.

"ஆக்‌ஷன்."

*

தொடக்கம் பிரமாதம். கேமரா அவரைச் சுற்றி மெல்ல நகர்ந்தது. மானிட்டரில் அவர் முகம் இதுவரை அவள் பார்த்தே இராத அளவுக்குப் பெரிதாக வந்தது. இத்தனை வருஷமும் பக்கவாட்டில் நின்று ஒரு காதையும் ஒரு கன்னத்தையும்தான் பார்த்திருக்கிறாள். அவள் உதடு தானாக அசைந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளேயிருந்து தட்டல். சரியான இடத்தில். சின்னவன் இதில் பிசகவே மாட்டான். "இன்னும் ஒருமுறை தட்டு" என்று அப்பா சொல்லும்வரை தட்ட வேண்டும், சொன்னபின் நிறுத்த வேண்டும். பால்குடி மறந்த வயதிலிருந்து அவன் கேட்டு வளர்ந்த வரி அது.

"என் துலாக்கோலுக்கு இரண்டு பக்கம்தான். மகனுக்கென்று மூன்றாவது பக்கம் கிடையாது!"

வழக்கமாக இந்த இடத்தில் கொட்டகை 'ஹா' என்று ஒரு மூச்சு விடும். அந்த மூச்சில் ஏறித்தான் அவர் அடுத்த வரிக்குப் போவார். கறுப்புத் துணிகள் மூச்சு விடவில்லை.

ராஜா நின்றார்.

கண் இடது விங்கை நோக்கிப் போனது. விளக்குத் தண்டைப் பார்த்தது. திரும்பி வந்தது. மறுபடி போனது.

"ஐயோ, என்ன ஒரு இடைவெளி விடறாரு பாரும்மா" என்று மகள் அவள் காதருகே முணுமுணுத்தாள். குரல் நடுங்கியது, சந்தோஷத்தில். "அந்தக் கண்ணைப் பாரேன். பயத்தை மேடையில இப்படிக் காட்டவே முடியாது." கேமராமேனுக்குச் சைகை காட்டினாள்: இன்னும் நெருங்கு.

தட்டல் தொடர்ந்தது. அதனூடே இன்னொரு சத்தம் அவள் காதில் விழுந்தது. மெல்லிய விசில். உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று.

அந்தச் சத்தத்தை அவளுக்கு யாரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை.

"பெரியவளே, அவனுக்கு இழுக்குதுடி."

"நடிக்கிறாம்மா. பேசாம இரு, ப்ளீஸ்."

ராஜாவின் உதடு அசைந்தது. சொல் வரவில்லை. தட்டல் தாளம் தப்பியது. பலகையை விரல் நகம் கீறுவது கேட்டது. பிறகு எதுவுமே கேட்கவில்லை.

வரி இன்னும் வரவில்லை. வரி வராமல் சின்னவன் நிறுத்த மாட்டான்.

அப்போதுதான் அவள் கண்ணில் கம்பளி பட்டது. பெட்டிக்கு அடியில், ஓட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில், நாலாக மடித்த கம்பளி.

எழுந்தாள். எழுந்தவள் முதலில் என்ன செய்தாள் தெரியுமா? சொல்லவே வருத்தமாக இருக்கிறது. ராஜாவைப் பார்த்து, வசனத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"எங்கே, இன்னும் ஒருமுறை தட்டு..."

கிசுகிசுப்பாகத்தான். அவர் மானத்தையும் காப்பாற்றிவிடலாம், பூட்டையும் திறக்க வைத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அவர் அண்ணாந்து பார்த்தார். அதில் கொஞ்ச நேரம் போயிற்று. பெட்டிக்குள் இருப்பவனுக்கு அது கொஞ்ச நேரமில்லை.

"பெட்டியைத் திறங்க!"

அவள் அலறிய அலறலில் ஒலிப்பதிவுக்காரர் தன் காதிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். இந்த அரங்கத்தில் அவளுடைய உரத்த குரலை யாரும் இதற்குமுன் கேட்டதில்லை.

ராஜா அவள் பக்கம் திரும்பினார். மிகவும் பணிவாகக் கேட்டார்.

"எந்தப் பெட்டி?"

*

அதற்குப் பிறகு எல்லாரும் ஓடினார்கள். மகள் அப்பாவின் இடைக்கச்சையைத் தடவினாள். சாவி அங்கே இல்லை. எங்கே வைத்தார் என்று அவரைக் கேட்டால், "எதை?" என்கிறார். யாரோ பூட்டை இழுத்தார்கள். அது இரும்பு. வாசலிலிருந்து பாய்ந்து வந்த தச்சர் கம்பளியைப் பார்த்ததும் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார். காலையில் தான் அடித்த ஆணிகளைக் கடப்பாரை போட்டுத் தானே நெம்பினார். பலகை பிளந்தது.

சின்னவன் உருண்டு வெளியே விழுந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

அம்மா அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா ஒப்பனை அறைக்கும் மேடைக்கும் செருப்பில்லாமல் ஓடி வந்து மருந்தை அவன் வாயில் வைத்து அழுத்தினாள். ஒன்றுமில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். நெஞ்சு ஏறவில்லை. "டேய்... டேய்..." என்று அவள் அழுத அழுகையில் இயக்குநர் எங்கே போனாளோ தெரியவில்லை, பழைய அக்காதான் இருந்தாள்.

பிறகு நெஞ்சு ஏறியது. விசிலடித்துக்கொண்டே இறங்கியது. மறுபடி ஏறியது.

"பிழைச்சான்" என்றார் தச்சர், தரையில் சரிந்து உட்கார்ந்தபடி.

அப்போதுதான் எல்லாருக்கும் அந்தக் குரல் கேட்டது.

"என் மகனே! நீதியை நிறுத்தப் பார்த்தேன். உன் மூச்சையல்லவா நிறுத்திவிட்டேன்."

ராஜா மண்டியிட்டிருந்தார். பிளந்து கிடந்த வெறும் பெட்டியின் முன்னால். நாடகத்தின் கடைசிப் பேச்சு முழுவதையும் சொன்னார். ஒரு சொல் தப்பவில்லை. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. கண்ணீர் மீசை வழியே வழிந்தது. கேமராமேன் ஓடிக்கொண்டிருந்த கேமராவிலிருந்து கையை எடுக்கக்கூட மறந்து நின்றார். கட் சொல்ல வேண்டியவள் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா" என்றான் சின்னவன். மூச்சுக்கு நடுவே சொல்ல வேண்டியிருந்தது. "அப்பா... நான் இங்க இருக்கேன்பா."

ராஜா திரும்பினார். மன்னர் முகத்திலிருந்து இறங்கிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரிசனத்தோடு அவனைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தப் பையன் யாரு? பாவம், மூச்சு வாங்குதே. கொஞ்சம் தண்ணி குடு."

மகள் மெதுவாக அம்மாவின் பக்கம் தலையைத் திருப்பினாள். கேள்வி அவள் கண்ணில் வந்துவிட்டது. ஆனால் கேட்டது அவளில்லை.

"அம்மா" என்றான் சின்னவன். "உனக்குத் தெரியுமா?"

அவள் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"தெரிஞ்சேதான் என்னை உள்ள அனுப்பினியா?"

அவள், யாரோ நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்கி, மூடியைத் திருகித் திறந்து, அவனிடம் நீட்டினாள். தண்ணீர் அவன் இளவரசர் உடையில் சிந்தியது. அவன் அவள் மடியிலிருந்து தலையை எடுத்து, தரையில் கையூன்றி, தனியாக எழுந்து உட்கார்ந்தான்.

"வாங்கிக் குடிப்பா" என்றார் ராஜா அன்பாக. "பெரியவங்க குடுக்கறாங்க இல்ல."

சின்னவன் கையை நீட்டவில்லை.